சடச்சியின் பத்து மரங்கள்

காட்டின் நடுவே பெரிய ஏரி ஒன்று இருந்தது. ஏரியின் வடகரையில் ஆலும் அத்தியும் நாவலும் தோளோடு தோள் உரசி நின்றன. உச்சி வெயிலிலும் அங்கே மண் ஈரமாக இருக்கும். தென்கரையில் ஒரு மரம்கூடக் கிடையாது. கல், சரளை, வெயில், அவ்வளவுதான்.

வடகரையில் ஓர் அத்திமரப் பொந்தில் கொண்டையம்மாள் என்ற மரங்கொத்தி குடியிருந்தாள். பொன்னிற முதுகு, சிவந்த கொண்டை, கறாரான பேச்சு. புலிராஜாவின் அரசாங்கத்தில் மரங்களைக் கவனிக்கும் வேலை அவளுக்கு. ஒரு மரத்தை அலகால் இரண்டு தட்டுத் தட்டுவாள். தலையைச் சாய்த்துக் கேட்பாள்.

"இதுக்குள்ள புழு இருக்கு! இது நூறு வருஷம் நிக்கும்! இது அடுத்த காத்துக்கு விழுந்துரும், அடியில யாரும் படுக்காதீங்க!" என்பாள்.

சொன்னது சொன்னபடி நடக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

ஒரு கோடையில் புலிராஜா அவளைக் கூப்பிட்டார். பக்கத்துக் காட்டுச் சிங்கம், "எங்கள் காட்டில் தலைக்கு எட்டு மரம்" என்று மார்தட்டியதாம். அதைக் கேட்டதிலிருந்து ராஜாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"கொண்டையம்மாள், நம் காட்டில் தலைக்கு எத்தனை மரம்? எண்ணிச் சொல்!" என்றார்.

அவள் ஒரு மாதம் பறந்து பறந்து எண்ணினாள். இறக்கை வலிக்க வலிக்க எண்ணினாள். பிறகு சபையில் வந்து நின்றாள்.

"மரங்கள் நாலாயிரம், உயிர்கள் நானூறு. தலைக்குப் பத்து மரம், ராஜா!"

ராஜா பூரித்துப்போனார். கொண்டையம்மாளுக்கு 'விருட்சமணி' என்று பட்டம் கொடுத்தார். மந்திரி தோகையார் ஒரு மயில். நல்ல செய்தி என்றால் அவருக்குக் கால் நிற்காது. ஏரியை வலம் வந்து, "காட்டில் யாருக்கும் குறையில்லை! தலைக்குப் பத்து மரம்!" என்று இரண்டு கரையிலும் கூவினார்.

மறுநாள் மதியம் அத்திமரத்தடிக்கு ஓர் ஆட்காட்டிக் குருவி வந்து நின்றாள். நெட்டை மஞ்சள் கால்கள். வயிற்று இறகிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மரம் எண்ணின அம்மா நீங்கதானா?"

"ஆமா. நீ யாரு?"

"தென்கரைச் சடச்சி. என்னோட பத்து மரம் எதுன்னு காட்டினீங்கன்னா, அதுல ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிருவேன். மத்த ஒம்பதையும் நீங்களே வச்சுக்கங்க!"

கேலி செய்கிறாள் என்று நினைத்துக் கொண்டையம்மாள் கீழே எட்டிப் பார்த்தாள். சடச்சியின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஒரு மரத்துக்கு அப்படி என்ன அவசரம்?"

"மூணு தடவை முட்டை வச்சேன்மா. மூணு தடவையும் வெயில்ல வெந்துபோச்சு. நாலாவது தடவையா நாலு முட்டை கிடக்கு. இந்தக் கோடைக்கு இதுதான் கடைசி. நின்னு பேச நேரமில்ல, வயித்து ஈரம் காஞ்சுரும்!"

சொல்லிவிட்டுப் பறந்தாள். கொண்டையம்மாளும் பின்னாலேயே போனாள்.

இத்தனை வருட வேலையில் அவள் தென்கரைக்குப் போனதே இல்லை. மரம் இல்லாத இடத்தில் மரம் பார்ப்பவளுக்கு என்ன வேலை என்று இருந்துவிட்டாள். இப்போது கல்லில் இறங்கியதும் கால் சுட்டது. ஒரு காலைத் தூக்கினாள். மறு காலும் சுட்டது. பழக்க தோஷத்தில் தட்டிப் பார்க்க ஏதாவது கிடைக்குமா என்று தேடினாள். ஒரு குச்சிகூட இல்லை.

சரளைக்கல் பள்ளத்தில் நாலு முட்டைகள். சடச்சி ஏரிக்கு ஓடுவாள், வயிற்றை நனைப்பாள், திரும்ப ஓடிவந்து ஈர வயிற்றை முட்டைகளின்மேல் வைத்து உட்காருவாள். ஈரம் காய்ந்ததும் மறுபடி ஓடுவாள். புருஷனைப் பருந்து தூக்கிவிட்டது. மாற்றிவிட ஆள் இல்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. கொண்டையம்மாளின் பத்து மரமும் அப்படித்தான் இருந்தது. அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பட்டம் வாங்கிய தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நல்ல உள்ளம் படைத்தவர்கள் வெட்கப்பட்டால் உடனே எதையாவது செய்துவிடுவார்கள். யோசிப்பதைப் பிறகு வைத்துக்கொள்வார்கள். கொண்டையம்மாளும் நேராக ராஜாவிடம் போய், தென்கரையில் மரம் நட அனுமதி வாங்கினாள். வடகரையில் முளைத்திருந்த கன்றுகளில் நெட்டையாக, நிமிர்ந்து நிற்கும் நாற்பதைத் தானே பொறுக்கினாள். காட்டுப்பன்றிகள் குழி தோண்டின. காலையில் வெயில் ஏறுமுன் தோகையார் விழா எடுத்தார். ஆடவும் செய்தார்.

சடச்சிக்கென்று கழுதை உயர மருதங்கன்று ஒன்றைக் கொண்டையம்மாள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, அவள் முட்டைகளுக்குப் பக்கத்திலேயே நட வைத்தாள். அப்போது சடச்சி மேலே பறந்து வட்டமிட்டுக் கத்தினாள், கத்தினாள், விழா முடியும்வரை கத்தினாள்.

"பாவம், சந்தோஷம் தாங்கல அவளுக்கு!" என்று கொண்டையம்மாள் கண் கலங்கினாள்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால், நாற்பது கன்றுகளும் பிடுங்கப்பட்டு ஏரியோரம் வரிசையாகக் கிடந்தன.

கொண்டையம்மாளின் கொண்டை சிலிர்த்து நின்றது. "நன்றி கெட்ட கூட்டம்! ஒரு மாசம் அலைஞ்சவளுக்கு இதுதான் கூலியா?" என்று கத்தினாள்.

தோகையார் கழுத்தை வளைத்துச் சிரித்தார். "நான் அப்போதே நினைத்தேன்! நாய் வாலை நிமிர்த்த முடியுமா? இவர்கள் வெயிலுக்கென்றே பிறந்தவர்கள். இவர்களுக்கு எதற்கு நிழல்? வா, போகலாம்!"

ஆமாம் என்று தலையாட்டத்தான் இருந்தாள். தலை பாதி ஆடியும் விட்டது. அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. கன்றுகள் சும்மா வீசப்படவில்லை. ஒவ்வொன்றின் வேரும் ஏரிச் சேற்றில் பதமாகப் புதைக்கப்பட்டிருந்தது. ஓர் இலைகூட வாடவில்லை. வெறுப்பில் பிடுங்கியவர்கள் வேரை ஈரத்திலா வைப்பார்கள்?

"நீங்க போங்க, நான் வரேன்," என்று மந்திரியை அனுப்பிவிட்டுத் தென்கரைக்காரர்கள் பக்கம் திரும்பினாள். "யார் பிடுங்கினது?"

ஒரு கழுதை முன்னால் வந்தது. பெயர் பொதியன். "நான்தாம்மா. பல்லால பிடுங்கினேன். ஆனா வேர் அறாமப் பிடுங்கினேன். செடி என்ன பாவம் பண்ணுச்சு?"

"அப்புறம் ஏன் பிடுங்கின?"

பொதியன் காதை ஆட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னது. "எங்க தாத்தா காலத்துல இந்தக் கரை பூரா தோப்புதாம்மா. யானைகளுக்குத் தீனி பத்தலைன்னு அப்ப இருந்த ராஜா ஒரு உத்தரவு போட்டாரு. 'வடகரையில கிளைகூட ஒடிக்கக் கூடாது, தென்கரையில முறிச்சுத் தின்னுங்க'ன்னாரு. ரெண்டே வருஷம், மொட்டை! எங்கப்பா காலத்துல கிழக்கு மூலையில திரும்ப நட்டாங்க. நாங்கதான் வாயில தண்ணி மொண்டு ஊத்தினோம். நிழல் விழ ஆரம்பிச்சதும் வடகரை மானுங்க காத்து வாங்க வந்துச்சு. இடம் நல்லாருக்கேன்னு தங்கிருச்சு. எங்களைக் கொம்பால தள்ளித் தள்ளி இந்தப் பாறைக்குக் கொண்டாந்து விட்டுருச்சு. இப்ப அந்தத் தோப்புக்குப் பேரு 'வடகரைக் கிழக்கு'. நீங்ககூட எண்ணியிருப்பீங்களே?"

எண்ணியிருந்தாள். இருநூற்றுப் பத்து மரங்கள்.

"மறுபடியும் தண்ணி ஊத்தி, மறுபடியும் யாருக்கோ குடுத்துட்டு, அடுத்து நாங்க ஏரிக்குள்ளதான் போகணும். அதான் பிடுங்கிட்டேன்."

சடச்சி ஓடிவந்தாள், வயிறு நனைந்திருந்தது. முட்டைகளின்மேல் உட்கார்ந்துகொண்டே பேசினாள். "என் பக்கத்துல ஒரு மருதங்கன்னு நட்டீங்களே, அது உச்சியில நேத்து சாயங்காலமே ஒரு காக்கா வந்து உட்கார்ந்துருச்சும்மா. அங்கேருந்து பார்த்தா என் முட்டை அதுக்கு இலையில பரிமாறி வச்ச மாதிரி தெரியும். நடும்போதே அந்தக் கத்து கத்தினேனே!"

"அது... நீ சந்தோஷத்துல கூவுறேன்னு நினைச்சேன்," என்றாள் கொண்டையம்மாள்.

பொதியன் கனைத்தது. தென்கரையிலேயே திரியும் காட்டுப்பன்றிகள் உறுமிச் சிரித்தன. சடச்சிகூடச் சிரித்துவிட்டாள்.

கொண்டையம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. "இதையெல்லாம் முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேட்டீங்களாம்மா?" என்றாள் சடச்சி.

சுருக்கென்றது. பட்டுப்போன மரத்தைக்கூட இரண்டு தரம் தட்டி, தலை சாய்த்துக் கேட்காமல் அவள் ஒரு முடிவுக்கு வந்ததில்லை. நாற்பது கன்று நட வந்தவள், இங்கே உயிரோடு நிற்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

"தப்புதான்," என்றாள். "இப்பக் கேக்கறேன். சொல்லுங்க."

சொன்னார்கள். தனக்கு மரமே வேண்டாம் என்றாள் சடச்சி. "உச்சி வெயிலுக்கு நானே குடை பிடிச்சுக்குவேன். அதுக்கு மேல மேற்கே சாயற வெயில்தான் கொல்லுது. முட்டைக்கு மேற்கால ஒரு குட்டைக் காரைச்செடி இருந்தாப் போதும். முள்ளுச்செடியில காக்கா வந்து உட்காராது." காரைச்செடி மரமில்லை என்று கொண்டையம்மாள் அதைக் கணக்கிலேயே சேர்த்ததில்லை. தண்ணீருக்குப் போகும் தடத்தில் புங்கை வேண்டும் என்றது பொதியன். நெட்டை மரமெல்லாம் முட்டையிடும் சரளைக்குத் தள்ளி, பாறைக்குப் பின்னால் நிற்கட்டும் என்றன பன்றிகள். எல்லோரும் ஒன்றை மட்டும் ஒரே குரலில் கேட்டார்கள். "நாங்க தண்ணி ஊத்தி வளர்த்தா, நிழல் எங்களுக்குன்னு ராஜா வாக்குக் குடுக்கணும்!" அந்த வாக்கு வராமல் ஒரு செடியும் மண்ணில் இறங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

கொண்டையம்மாள் அன்றே சபைக்குப் போனாள். விஷயத்தைச் சொன்னாள்.

தோகையார் குறுக்கே பாய்ந்தார். "ராஜா! தலைக்குப் பத்து மரம் என்று சபையில் சொன்னது யார்? இதே கொண்டையம்மாள்தானே! பத்து இருக்கும்போது பதினொன்று எதற்கு?"

ராஜாவின் மீசை துடித்தது. "கொண்டையம்மாள்! உன் கணக்கு தப்பா?"

தப்பு என்று சொன்னால் பட்டம் போகும். வேலை போகும். அரசாங்கம் கொடுத்த அத்திமரப் பொந்தும் போகும். ஆனாலும் நனைந்த வயிற்றோடு ஓடும் அந்த நெட்டைக் கால்கள் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"எண்ணினது சரி, ராஜா. வகுத்ததுதான் தப்பு. சபையறியச் சொல்றேன், தப்பு என்னோடது."

"அப்படியானால் பட்டத்தைப் பிடுங்குங்கள்! பொந்தைக் காலி செய்யச் சொல்லுங்கள்!" என்று தோகையார் குதித்தார்.

"பிடுங்கிக்கங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு விண்ணப்பம். நாளைக்கு உச்சி சாயற நேரத்துல சபையைத் தென்கரையில வையுங்க. அங்கே சடச்சிக்குப் பத்து மரம் இருக்கு. அதுல உங்களுக்குப் பிடிச்ச ஒண்ணுக்கு அடியில உட்காருங்க. அப்புறம் என்னை என்ன வேணா செய்யுங்க."

ராஜாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. "சரி, வருகிறேன்!" என்றார்.

மறுநாள் சபை தென்கரைக்கு வந்தது. வந்த மாத்திரத்தில் தோகையாரின் நீண்ட தோகை சுடுகல்லில் இழுபட்டது. "ஐயோ, என் தோகை!" என்று அலறிக்கொண்டு ஏரித் தண்ணீருக்குள் போய் நின்றுகொண்டார். மான்கள் நாலு காலையும் மாற்றி மாற்றி வைத்தன. புலிராஜா மட்டும் கௌரவத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

"எங்கே அந்தப் பத்து மரம்?"

"அதைத்தான் ராஜா, நாங்களும் தேடிக்கிட்டிருக்கோம்," என்றது பொதியன்.

ராஜா சுற்றிலும் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் ஒரே ஓர் இடத்தில் ஒரு கை அகலத்துக்கு நிழல் இருந்தது. சடச்சி இறக்கையை விரித்துக் குனிந்து நின்றிருந்தாள். அவளுக்குக் கீழே நாலு முட்டைகள். வாய் திறந்து மூச்சு வாங்கினாள்.

என்ன இது என்று ராஜா நெருங்கி வந்தார். மேற்கு வெயிலுக்குக் குறுக்கே அவருடைய பெரிய உடம்பு வந்து நின்றது.

"ராஜா! நகராதீங்க!" என்று சடச்சி கத்தினாள்.

சபை திகைத்துப்போயிற்று. புலிராஜாவை நில் என்று சொன்னவர்கள் அதுவரை யாரும் இல்லை.

"அப்படியே நில்லுங்க ராஜா! உங்க நிழல் என் முட்டை மேல விழுது. ஓடிப்போயி வயித்தை நனைச்சுக்கிட்டு வந்துடறேன். அசைஞ்சுராதீங்க!"

பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. நாலு முட்டைகளையும் புலியின் காலடியில் விட்டுவிட்டு ஏரிக்கு ஓடினாள்.

ராஜா நின்றார். உள்ளங்கால் நாலும் தீயாக எரிந்தது. ஒரு காலைத் தூக்கப் பார்த்தார். நிழல் விலகி ஒரு முட்டையின்மேல் வெயில் விழுந்தது. சட்டென்று காலைப் பழைய இடத்திலேயே வைத்தார். நெற்றி வேர்த்தது. வால் துடித்தது. காட்டையே கிடுகிடுக்க வைக்கிறவர், ஓர் உறுமல்கூட இல்லாமல் நின்றார்.

சடச்சி ஏரியில் வயிற்றை நனைத்தாள். பல நாளைக்குப் பிறகு அவசரமில்லாமல் இரண்டு வாய் தண்ணீரும் குடித்தாள். திரும்பி வந்து முட்டைகளின்மேல் உட்கார்ந்தாள்.

"ரொம்ப உபகாரம், ராஜா. இனி நீங்க போகலாம்."

ராஜா போகவில்லை. "நான் எவ்வளவு நேரம் நின்றேன்?" என்று கேட்டார்.

"ஏரிக்குப் போய் வர்ற நேரந்தான்."

"நீ எத்தனை நாளாக நிற்கிறாய்?"

"இந்த முட்டைக்கு இருபது நாள். அதுக்கு முந்தினதை எண்ணலைங்க."

ராஜா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு இரண்டு கரைக்கும் கேட்கிற மாதிரி உறுமினார். "இன்று முதல் தென்கரையில் யார் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறார்களோ, நிழல் அவர்களுக்கே! வெளியிலிருந்து வருகிறவர்கள் அவர்களைக் கேட்டுத்தான் உட்கார வேண்டும். கிழக்குத் தோப்பு தென்கரைக்குத் திரும்பட்டும். யானைகள் இனி வடகரையில் ஒடித்துத் தின்னட்டும். என் ஆலமரத்திலிருந்தே ஆரம்பிக்கட்டும்!"

தண்ணீருக்குள் நின்ற தோகையார், "ஆகா, நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்!" என்றார்.

அன்று பொழுது சாய்வதற்குள் வேலை நடந்தது. நன்கு வளர்ந்த காரைச்செடி ஒன்றைப் பன்றிகள் வேர்மண்ணோடு தோண்டின. பொதியன் முள்ளைப் பொருட்படுத்தாமல் இழுத்து வந்தது. சடச்சி சொன்ன இடத்தில், சொன்ன அளவு தள்ளி, மேற்கே நட்டார்கள். இந்த முறை அவள் கத்தவில்லை.

எட்டாம் நாள் முட்டைகள் பொரிந்தன. மூன்று குஞ்சுகள் நெட்டைக் காலோடு எழுந்து ஓடின. நாலாவது முட்டை பொரியவே இல்லை. சடச்சி அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, மெல்லக் காலால் ஒதுக்கினாள். யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. கொண்டையம்மாள்தான் அதை அலகால் மெல்லத் தட்டி, தலை சாய்த்துக் கேட்டாள். நான் எண்ணிக் கழித்த அந்த ஒரு மாதத்தின் விலை இது என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் பட்டத்தை யாரும் பிடுங்கவில்லை. அவளாகவே அதைச் சொல்லிக்கொள்வதை விட்டுவிட்டாள். வேலையின் விதமும் மாறியது. மரங்களை எண்ணுவதற்கு முன்னால், "மத்தியானத்துல நீங்கள்லாம் எங்கே நிப்பீங்க?" என்று கேட்பாள். பக்கத்துக் காட்டுச் சிங்கம் அழைத்தபோதும் போய் முதலில் அதைத்தான் கேட்டாள். தலைக்கு எட்டு மரம் என்று மார்தட்டிய சிங்கத்துக்குப் பதில் தெரியவில்லை. வடகரையில் சிலர் அவளைத் 'தென்கரைக்காரி' என்று கேலி பேசினார்கள். அவளுக்கு அது உறைக்கவில்லை.

வருடங்கள் ஓடின. தென்கரைத் தடத்தில் புங்கை பூத்தது. பாறைக்குப் பின்னால் மறுபடி நட்ட அந்த மருதங்கன்று மரமாகி நின்றது. ஒரு மழைக்காலத்தில் யானைகள் பாதி ஒடித்துத் தின்றிருந்த வடகரை அத்திமரம் காற்றில் சாய்ந்தது. கிழவி கொண்டையம்மாளுக்கு வீடு போயிற்று.

மெல்லப் பறந்து தென்கரைக்கு வந்தாள். மருதமரத்தின் கிளையில் உட்காரவில்லை. கீழே மண்ணில் இறங்கி நின்றாள்.

"இந்த மரத்துல ஒரு பொந்து குடைஞ்சுக்கலாமாப்பா?" என்று கேட்டாள்.

பொதியனுக்கும் வயதாகியிருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தது. "தண்ணி ஊத்தினவங்களுக்குத்தான் நிழல்னு சட்டம். நீங்க ஊத்தினீங்களா?"

"இல்ல," என்றாள் கொண்டையம்மாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். திரும்பிப் பறக்க இறக்கையை விரித்தாள்.

காரைப்புதர் ஓரத்திலிருந்து சடச்சியின் குரல் வந்தது. "அட, என்ன பொதியண்ணே! வெளியிலேருந்து வர்றவங்க கேட்டுட்டு உட்காரணும்னும்தானே சட்டம்? இந்தக் கரைக்கு வந்து முதமுதல்ல நம்மைக் கேட்டவங்களே அவங்கதான். நீங்க குடைங்கம்மா!"

பொதியன் காதை ஆட்டிச் சிரித்தது. அதற்கும் வேண்டியது அந்தப் பதில்தான்.

கொண்டையம்மாள் மருதமரத்தில் ஏறினாள். டொக், டொக் என்று இரண்டு தட்டுத் தட்டினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இது நூறு வருஷம் நிக்கும்!" என்றாள்.

வெயிலில் நிற்பவரைக் கேட்டு நடும் மரமே வேர் பிடிக்கும். கேட்காமல் கொடுப்பது எவ்வளவு பெரிய கொடையானாலும் காலூன்றாது.